நடுவில் பெட்டி இல்லை

திங்கட்கிழமை காலையில் காளவாசல் பக்கமிருந்து நூற்றைம்பது செங்கல் வந்து இறங்கியது. வண்டிக்காரன் அதை முற்றத்தில், குறுக்குச் சுவரில் விட்டிருந்த இடைவெளிக்குப் பக்கத்திலேயே அடுக்கிவிட்டுப் போனான். கொத்தனார் வியாழக்கிழமை வருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். வியாழக்கிழமை பொழுது சாய்வதற்குள் அந்த இடைவெளி அடைபட்டுவிடும். அதற்கப்புறம் அண்ணன் கண்ணுச்சாமி வேறு, தம்பி கருப்பு வேறு. இந்தப் பக்கம் தாளித்தால் அந்தப் பக்கம் தும்மல் கேட்கும், அவ்வளவுதான் உறவு.

"கல்லு வந்துருச்சு போல," என்று அந்தப் பக்கமிருந்து கருப்பின் குரல் வந்தது. அண்ணனிடம் சொல்லவில்லை. தன் பெண்டாட்டி பாண்டியம்மாளிடம் சொல்வது போல, அண்ணன் காதில் விழுகிற மாதிரி சொன்னான்.

கண்ணுச்சாமியும் தன் பெண்டாட்டி அழகம்மாளைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். "ஆமா, வந்துருச்சு. தட்டிப் பாத்துத்தான் வாங்குவேன்னு சொல்லு. பாக்காம வாங்கி ஒரு தடவை ஏமாந்தது போதும்."

"நான் எதுக்குச் சொல்லணும்? அவருக்கென்ன காதா இல்ல?" என்றாள் அழகம்மாள்.

அவர் ஒவ்வொரு கல்லையும் எடுத்து இன்னொரு கல்லால் தட்டினார். நன்றாக வெந்த கல் கணீரென்றது. வேகாத கல் சொத்தென்றது. சொத்தென்ற ஏழு கல்லைத் தனியே ஒதுக்கி வைத்தார். ஒரே மகள் எழுமலையில் வாக்கப்பட்டுப் போய்விட்டாள். ஆரப்பாளையத்துச் சந்தில் ஒட்டு உறவு என்று சொல்லிக்கொள்ள அவருக்கு மிச்சம் இருந்தது இந்த ஒரு தம்பிதான். அவனையும் கல் வைத்து அடைக்கப்போகிறார். மனசு எங்கோ சொத்தென்றது. அதைத் தட்டிப் பார்க்க அவருக்கு இஷ்டமில்லை.

கண்ணுச்சாமி லேசில் யாரையும் நம்புகிற ஆள் இல்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். கையெழுத்து மட்டும் போடுவார், அதையும் எதற்குப் போடுகிறோம் என்று நாலு பேரிடம் கேட்டுவிட்டுத்தான் போடுவார். ஆனால் அந்தக் குணம் படிப்பில்லாததால் வந்ததில்லை. பார்த்த வேலையால் வந்தது.

சிம்மக்கல்லுக்குப் போகிற வழியில் மங்களம் டாக்கீஸ் என்று ஒரு சினிமாக் கொட்டகை. அங்கே அவருக்கு முப்பது வருஷமாகத் திரைக்குப் பின்னால் வேலை. ஆட்டம் தொடங்கும்போது கயிறு இழுத்து வெல்வெட் துணியைத் தூக்க வேண்டும், முடியும்போது இறக்க வேண்டும். நடுவில் இரண்டரை மணி நேரம் பின்பக்கம் எவனும் நுழையாமல் காவல் இருக்க வேண்டும். முன்னால் உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரியாது. அந்த வெள்ளைத் திரை முழுக்கப் பொட்டுப் பொட்டாக ஓட்டை. அந்த ஓட்டை வழியாகத்தான் சத்தம் போகும். திரைக்கு நேர் பின்னால் நெல் குதிர் உயரத்துக்கு ஒரு பெட்டியும், அதன் தலையில் வாய் அகன்ற இரும்புக் குழாயும் நிற்கும். நாயகி அழுதாலும் அந்தக் குழாய்தான் அழும். வில்லன் சிரித்தாலும் அந்தக் குழாய்தான் சிரிக்கும். முன்னால் எண்ணூறு பேர் மூக்கைச் சிந்துவார்கள். பின்னால் கண்ணுச்சாமி, குழாய் அதிர்ந்து உதிர்க்கிற தூசியைத் துண்டால் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"வாயி ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம். அம்புட்டும் ஏமாத்து," என்பார் யார் கேட்டாலும்.

பின்னாலிருந்து பார்த்தால் உலகமே இடம் வலம் மாறிக் கிடக்கும். நாயகன் இடது கையால் சோறு பிசைவான். பெண்கள் முந்தானையை வலது தோளில் போட்டிருப்பார்கள். எழுத்துகள் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். படிக்கத் தெரியாதவருக்கு அதில் ஒன்றும் நஷ்டமில்லை. பகல் ஆட்டத்தில், வெளியே வெயில் கொளுத்துகிற நேரத்தில், திரையின் ஓட்டை வழியாக வருகிற வெளிச்சம் அவருடைய பனியன் மேல் குருணை அரிசி சிந்தினாற்போல் விழுந்து நகரும். ஒரு பெண் சிரித்தால் குருணை மினுங்கும். ரயில் வந்தால் ஓடும். அதைப் பார்த்துக்கொண்டே இருக்கும்போது கண் செருகும். அரைத் தூக்கத்தில், வைகையில் தண்ணீர் வந்து கழுத்தளவு நிற்பது போலச் சத்தம் அவரைச் சுற்றி நிற்கும். அவர் அதில் மல்லாந்து மிதந்துகொண்டு கிடப்பார். நம்பாமலே மிதப்பார். அது ஒரு சுகம்.

எழுபத்து நாலில் முதலாளி அந்தப் பழைய சாமானைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்டினார். பழைய பெட்டியின் வயிற்றுக்குள் இரண்டு பெரிய காகித ஸ்பீக்கர்கள் இருந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் அம்மிக்கல் கனத்துக்குக் காந்தம். "வேணும்னா எடுத்துட்டுப் போ," என்றார் முதலாளி. மில்லில் எலக்ட்ரீசியனாக இருந்த கருப்பு ஒரு கைவண்டி கொண்டுவந்தான். தம்பி இழுக்க, அண்ணன் தள்ள, சிம்மக்கல்லில் சிஹாபுதீன் பாய் கடையில் கொண்டுபோய் இறக்கினார்கள்.

பாய் மெட்ராஸில் ஒரு ஸ்டூடியோவில், பாட்டுப் பதிவு செய்கிற இடத்தில் பன்னிரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்து கடை போட்டவர். கிழிந்த காகிதத்தை ஒட்டிச் சரிசெய்து, இரண்டு மரப்பெட்டி அடித்து, பெட்டிக்கு ஒன்றாகப் பூட்டினார். ரெக்கார்டு பிளேயரும் ஆம்ப்ளிபயரும் சேர்ந்து செட்டு முழுசாவதற்கு நாலு வருஷம் ஆனது. வெள்ளோட்டம் பார்க்க என்று ஒரு ரெக்கார்டும் கொடுத்தார். "ரெண்டு பொட்டியையும் தள்ளித் தள்ளி வைங்கப்பா," என்று சொல்லித்தான் அனுப்பினார்.

யார் கேட்டது? திருவிழாவில் மைக் செட்டுக்காரன் பெட்டிமேல் பெட்டி அடுக்குவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள். வீட்டு மூலையில் ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றி, மேலே பூப்போட்ட துணி விரித்து, அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் மயிலையும் நிறுத்தினார்கள். சினிமாக் கொட்டகையில் எண்ணூறு பேருக்குப் பாடியது, இப்போது நாலு பேர் இருக்கிற வீட்டில் பாடியது. சந்தே வந்து வாசலில் நின்றது.

பாய் கொடுத்த ரெக்கார்டில் ஒரு பாட்டு. ஒரு பெண்ணும் ஆணும் மாறி மாறிப் பாடுவது. ஆற்றில் தண்ணீர் எப்போது வரும் என்று அவள் கேட்பாள். மலையில் மேகம் கறுத்ததும் வரும் என்று அவன் சொல்வான். வந்தால் நிற்குமா என்பாள். நிறுத்தி வைப்பது உன் பாடு என்பான். கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து பாடுவார்கள். அழகம்மாளும் பாண்டியம்மாளும் அதைக் கேட்டுக்கொண்டேதான் மாவாட்டுவார்கள்.

எண்பதில் பாகம் பிரித்தார்கள். சண்டை ஒன்றும் இல்லை. இரண்டு குடும்பம், ஒரு அடுப்பு, புகை அதிகம், அவ்வளவுதான். சின்னச்சாமி மாமா வந்து நடுவில் உட்கார்ந்தார். வீட்டை முற்றத்தோடு சேர்த்துக் குறுக்கே ஒரு சுவர். குடம் இரண்டு, ஆளுக்கு ஒன்று. அண்டா இரண்டு, ஆளுக்கு ஒன்று. ஸ்பீக்கர் பெட்டியும் இரண்டு, அதனால் ஆளுக்கு ஒன்று. ஆம்ப்ளிபயர் கரண்டு தெரிந்தவன் என்று கருப்புக்குப் போனது. ரெக்கார்டு பிளேயரும் ரெக்கார்டும் மூத்தவருக்கு. "எப்படி, யாருக்கும் குறையில்லாமப் பிரிச்சேனா?" என்று மாமா மீசையைத் தடவினார். அன்றோடு இரண்டு வீட்டிலும் பாட்டு நின்றுபோனதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

தண்ணீர்க் குழாய் கருப்பு பக்கம், ஆட்டுக்கல் கண்ணுச்சாமி பக்கம் என்று ஆனதால், முற்றத்துச் சுவரில் ஒரு கட்டில் நுழைகிற அகலத்துக்கு இடைவெளி விட்டிருந்தார்கள். பின்னால் அடைப்பதாக இருந்தால் தோதாக இருக்கட்டும் என்று இரண்டு ஓரத்திலும் கொத்தனார் கல்லைப் பல் பல்லாக நீட்டி விட்டிருந்தார். அந்த வழியாகப் பெண்கள் குடத்தோடும் மாவோடும் போய் வந்தார்கள். சாயங்காலமானால் கருப்பு வந்து அண்ணனோடு வெற்றிலை போட்டுவிட்டுப் போவான்.

எல்லாம் கெட்டது போன மாதம். சிம்மக்கல் பழைய சாமான் கடையில் ஒரு சின்ன ஆம்ப்ளிபயர் கண்ணுச்சாமியின் கண்ணில் பட்டது. பாயிடம் காட்டினால் அது நொட்டை இது நொட்டை என்பார் என்று காட்டாமலே வாங்கிவந்தார். தானே மாட்டினார். ரெக்கார்டு சுற்றியது. பெண் பாடினாள். ஆற்றில் தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டாள். பதில் இல்லை. வயலின் மட்டும் எங்கோ தூரத்தில் முனகியது. வந்தால் நிற்குமா என்றாள். அதற்கும் பதில் இல்லை.

கண்ணுச்சாமி பெட்டியைத் தட்டினார். குலுக்கினார். ஆம்பளைக் குரலைக் காணோம்.

அந்த நேரம் பார்த்துச் சுவருக்கு அந்தப் பக்கம் கருப்பு தன் பெட்டியில் ரேடியோவை மாட்டி வைத்திருந்தான். அதில் ஆணும் பெண்ணும் கூட்டாகக் கணீரென்று பாடினார்கள். கண்ணுச்சாமிக்கு அந்த நிமிஷமே எல்லாம் விளங்கிவிட்டது. நல்ல பெட்டியைத் தம்பி எடுத்துக்கொண்டு நொட்டைப் பெட்டியை அண்ணன் தலையில் கட்டிவிட்டான். கரண்டு தெரிந்தவன் இல்லையா?

இடைவெளியில் போய் நின்று கேட்டேவிட்டார். "ஏண்டா, ஆம்பளை பாடுற பொட்டியை நீ எடுத்துக்கிட்டு, பொம்பளை பாடுற பொட்டியை எனக்குத் தள்ளிவிட்டியா?"

கருப்பு முதலில் சிரித்தான். அதுதான் தப்பாகப் போனது. "அண்ணே, பொட்டியில என்ன ஆம்பளைப் பொட்டி பொம்பளைப் பொட்டி? உனக்குக் கிறுக்கா?"

"யாருக்குடா கிறுக்கு? கூடப் பொறந்தவன்னு நம்பி, தட்டிப் பாக்காம வாங்குனேன் பாரு, அப்பவே எனக்குக் கிறுக்குத்தான்!"

"அப்ப என்னையக் களவாணிங்கிறியா?"

"நான் சொல்லல. பொட்டி சொல்லுது."

அன்றோடு பேச்சு நின்றது. இடைவெளியை அடைக்கக் கண்ணுச்சாமி கல்லுக்குச் சொல்லிவிட்டார்.

கல் வந்த திங்கட்கிழமை மத்தியானமே பெண்கள் இரண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். பாண்டியம்மாள் இடைவெளியில் நின்று, "அத்தான், உங்களுக்கு எங்க பொட்டிதான வேணும்? எடுத்துக்குங்க. உங்க பொட்டியை இங்கிட்டுத் தாங்க. கல்லை மட்டும் திருப்பி அனுப்பிருங்க," என்றாள். கண்ணுச்சாமி வழியை விட்டு ஒதுங்கி நின்றார். இரண்டு பெண்களும் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, மூச்சு வாங்க, ஒரு பெட்டியை இங்கே கொண்டுவந்து இன்னொன்றை அங்கே கொண்டுபோனார்கள். "இதுக்குள்ள என்ன பொணமா இருக்கு, இந்தக் கனம் கனக்குது?" என்றாள் அழகம்மாள்.

மாட்டினார். ரெக்கார்டு சுற்றியது. அதே பெண் பாடினாள். அதே கேள்வி. பதில் இல்லை.

அழகம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "இப்ப என்ன சொல்றீக?"

"குடுக்கிறதுக்கு முன்னாடி இதையும் கெடுத்துட்டான்," என்றார் கண்ணுச்சாமி. ஆனால் சொல்லும்போதே குரலில் பாதிதான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை சிம்மக்கல்லுக்குப் போனார். பாய் கடையில், பெட்டியில்லாத ஸ்பீக்கர்கள் கவிழ்த்துப் போட்ட கூடைகள் மாதிரி அடுக்கிக் கிடந்தன. சிஹாபுதீன் பாய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு முழுக்கதையையும் கேட்டார்.

"பிளேயர்ல இருந்து ரெண்டு வயர் வந்துச்சே மாப்ள. ரெண்டையும் மாட்டுனியா?"

"உன் செட்டுக்கு ரெண்டு ஓட்டை. நான் வாங்குனதுக்கு ஒரு ஓட்டைதான். ஒண்ண மாட்டுனேன். இன்னொண்ணு உபரின்னு சுருட்டிக் கட்டிப்புட்டேன்."

பாய் சிரித்த சிரிப்பில் எதிர்க் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "யா அல்லா! பாட்டுக்காரனைச் சுருட்டிக் கட்டிவச்சுட்டுத் தம்பிமேல பழி போட்டிருக்கியேய்யா!"

"இந்தா பாரு பாய், சிரிக்கிறதுன்னா நான் போறேன். பொட்டியில ஒரு கோளாறும் இல்லைங்கிறியா?"

"ரெண்டும் நல்ல பொட்டி. பாட்டுதான் ரெண்டு. அவ ஒரு வயர்ல வாரா, அவன் ஒரு வயர்ல வாரான். ஒண்ணுக்கு மேல ஒண்ணா அடுக்கி வச்சிருந்தீகள்ல, அதான் உங்களுக்குத் தெரியல."

"ரெண்டையும் ஒரே ஓட்டையில சொருகுனா?"

"வரும். சோத்துல குழம்பையும் மோரையும் ஒட்டுக்க ஊத்துன மாதிரி வரும். அதுக்கா நாலு வருஷம் உக்காந்து செஞ்சேன்?"

பாய் டீ சொல்லிவிட்டு மெட்ராஸ் கதைக்குப் போனார். முதலில் சத்தம் கொட்டகையில்தான் இருந்தது, ஆள் உயரக் குழாயில். அப்புறம் ஸ்டூடியோவுக்குள் சுவரில் ஏறியது. ஊர் கேட்கிறதுக்கு முன்னால் பாட்டு அங்கேதான் முதலில் பாடும். ஒரே பெட்டியாக இருந்தது, பிறகு இரண்டாக வைத்தார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு நாற்காலி. அதில் என்ஜினீயரைத் தவிர யாரும் உட்காரக் கூடாது. ஒருநாள் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் பாய் போய் உட்கார்ந்துவிட்டாராம். "மாப்ள, இங்கிட்டு ஒரு பொட்டி, அங்கிட்டு ஒரு பொட்டி. பாடுனவ நடுவுல வந்து நின்னா. நடுவுல ஒண்ணுமே கெடையாது, வெறுஞ்சுவரு. அவ மூச்சு வாங்குறது கேக்குது. கை நீட்டுனா பட்டுரும்போல. எந்திரிச்சு வந்துட்டேன், அம்புட்டுப் பயம்." அவர் டீயை ஆற்றினார். "அந்தப் பொட்டிதான் இப்ப சின்னதாகிச் சின்னதாகி வீட்டுக்குள்ள வருது. இன்னும் கொஞ்ச நாள்ல காதுக்குள்ளயே போயிரும், பாத்துக்கிட்டே இரு."

"காதுக்குள்ள எறும்பு போனாலே உசுரு போகுது. பொட்டி போகுதாம்," என்றார் கண்ணுச்சாமி. டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "நடுவுல பொட்டி இல்லாம நடுவுல இருந்து சத்தம் வருமா? முப்பது வருஷம் பொட்டிக்குப் பக்கத்துலயே உக்காந்திருக்கேன், என்கிட்டயே கதை விடுறியா?" என்றார்.

"நம்பாட்டிப் போ. ரெண்டு பொட்டியையும் பிரிச்சு வச்சு, நடுவுல உக்காந்து பாரு."

"நடுவுல சுவரு இருந்தா?"

பாய் கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிக்கொண்டார். "சுவரு இருந்தா என்ன? நீ ஒரு பாதி, அவன் ஒரு பாதி. கேட்டுக்கிட்டுக் கெடங்க."

புதன்கிழமை பகல் ஆட்டத்துக்குத் துணியைத் தூக்கிவிட்டுக் கண்ணுச்சாமி வழக்கம்போல் உட்கார்ந்தார். குருணை வெளிச்சம் விழுந்தது. கண் செருகவில்லை. எழுந்தார். பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு, வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓரிரண்டு தடவை போனதோடு சரி, அதற்கப்புறம் எட்டிப் பார்க்காத முன்பக்கத்துக்குப் போனார். பெஞ்சு டிக்கெட்டில் ஓரமாக உட்கார்ந்தார்.

திரையில் ஒரு பெண் கிணற்றடியில் உட்கார்ந்து யாரையோ ஏசிக்கொண்டிருந்தாள். முந்தானை இடது தோளில் இருந்தது. அதுவே அவருக்குப் புதிதாக இருந்தது. அவள் சட்டென்று எழுந்து திரையின் இந்த ஓரத்துக்கு நடந்து வந்தாள். பேச்சும் அவளோடு நடந்து வந்தது. கண்ணுச்சாமிக்குத் திடுக்கென்றது. பெட்டி நட்டநடுவில் நிற்கிறது. இப்போதுதான் அதன் பக்கத்திலிருந்து எழுந்து வந்திருக்கிறார். அது நடக்காது. ஆனாலும் சத்தம் அவள் வாயிலிருந்துதான் வந்தது. கண்ணை மூடினார், சத்தம் நடுவுக்குப் போய்விட்டது. திறந்தார், மறுபடி அவள் வாய்க்கு வந்துவிட்டது. மூடினார், திறந்தார். பக்கத்தில் இருந்தவர், "என்னண்ணே, கண்ணுல தூசியா?" என்று கேட்டார்.

"முப்பது வருசத் தூசி," என்றார் கண்ணுச்சாமி.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் முற்றத்தில் நின்றுகொண்டு அழகம்மாளிடம் உரக்கச் சொன்னார். "அந்தப் பாய் ஒரு பொய் சொல்றான். அதை நிரூபிச்சு அவன் மூஞ்சியில அடிக்கணும். அதுக்கு அந்த ஆம்ப்ளிபயரும் அந்தப் பொட்டியும் ஒரு மணி நேரம் வேணும். நாளைக்குக் கொத்தனார் வாரதுக்குள்ள. வேற ஒண்ணுமில்ல. கேட்டுச் சொல்லு."

அழகம்மாள் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது. "காலையில ஏழு மணிக்கு ஷிப்டு முடிஞ்சு வருவேன்னு சொல்லு. அதுவரைக்கும் வயர்ல கை வைக்க வேணாம்னும் சொல்லு. ஷாக் அடிச்சா அதுக்கும் நான்தான் காரணம்னு சொல்லுவாக."

வியாழக்கிழமை காலை. வெயில் இன்னும் சுவரேறவில்லை. வைகைப் பக்கமிருந்து லேசான காற்று. கருப்பு மில் பஞ்சு தலையில் அப்படியே இருக்க, ஆம்ப்ளிபயரைத் தூக்கிக்கொண்டு வந்து இடைவெளியில் வைத்தான். சுருட்டிக் கட்டிய வயரை அண்ணன் நீட்டினார். கருப்பு அதைப் பார்த்தான், அண்ணனைப் பார்த்தான், முடிச்சை அவிழ்த்தான். உதடு மட்டும் துடித்தது.

"சிரிக்கணும்னா சிரிச்சுரு," என்றார் கண்ணுச்சாமி. ஒரு மாதத்துக்கு அப்புறம் தம்பியிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

"நான் சிரிக்கலண்ணே. பொட்டி சிரிக்குது," என்றான் கருப்பு.

சுவரின் வடக்கு ஓரத்துக்கு இந்தப் பக்கம், அண்ணன் வீட்டில் ஒரு பெட்டி. அந்தப் பக்கம், தம்பி வீட்டில் ஒரு பெட்டி. தரையில் வைத்தபோது சத்தம் காலடியில் கிடந்தது. "காது உசரத்துக்கு வரணும்ணே," என்றான் கருப்பு. கண்ணுச்சாமி சுற்றுமுற்றும் பார்த்தார். அடுக்கி வைத்த கல்தான் இருந்தது. பெட்டிக்கு அடியில் நாலு கல் கொடுத்தார். போதவில்லை. இன்னும் நாலு. பெண்களும் வந்து கை கொடுத்தார்கள். கல் வீட்டுக்கு வீடு கை மாறியது. இந்தப் பக்கம் இரண்டு ஏற்றினால் அந்தப் பக்கம் தாழ்ந்தது, அந்தப் பக்கம் ஏற்றினால் இந்தப் பக்கம் சாய்ந்தது. ஒதுக்கி வைத்த ஏழு சொத்தைக் கல்லைக்கூட முட்டுக் கொடுக்க எடுத்துக்கொண்டார்கள். மிச்சமிருந்த கல்லை இடைவெளியின் தெற்கு ஓரத்தில் அடுக்கி, அதன்மேல் துண்டை விரித்துக் கண்ணுச்சாமி உட்கார்ந்தார். இடது காது அவர் வீட்டில் இருந்தது. வலது காது தம்பி வீட்டில் இருந்தது. எதிரே வடக்குச் சுவரின் ஓரம், பல் பல்லாக நீட்டிக்கொண்டு.

கருப்பு முள்ளை இறக்கினான்.

பெண் அண்ணன் வீட்டிலிருந்து கேட்டாள், ஆற்றில் தண்ணீர் எப்போது வரும் என்று. தம்பி வீட்டிலிருந்து பதில் வந்தது, மலையில் மேகம் கறுத்ததும் வரும் என்று. கண்ணுச்சாமியின் தலை தானாக இங்கிட்டும் அங்கிட்டும் திரும்பியது. இரண்டு வீட்டுக்காரர்கள் வாசலில் நின்று பேசிக்கொள்வது போல் இருந்தது. அழகம்மாள் ஆட்டுக்கல்லில் சாய்ந்து நின்றாள். பாண்டியம்மாள் குழாயை நிறுத்திவிட்டு வந்தாள்.

கடைசி அடி வந்தது. இரண்டு குரலும் பெட்டியை விட்டு எழுந்து நடந்து வந்தன. வந்து, நேர் எதிரே, சுவரின் ஓரத்தில், பல் விட்டுக் காத்திருந்த செங்கலுக்கு நடுவில் சேர்ந்து நின்றன. சுவர் பாடியது. அங்கே பெட்டி இல்லை, குழாய் இல்லை, ஓட்டை போட்ட துணிகூட இல்லை. அவள் மூச்சு வாங்கினாள். அவன் தொண்டையில் ஒரு கரகரப்பு. மில் பஞ்சு ஒன்று கருப்பின் தலையிலிருந்து பிரிந்து காற்றில் மிதந்து, குரல் வருகிற இடத்தில் ஒரு நிமிஷம் தயங்கி நின்றுவிட்டுப் போனது. கண்ணுச்சாமி கண்ணை மூடினார். குரல் நகரவில்லை. திறந்தார். அப்போதும் நகரவில்லை. கழுத்தளவு தண்ணீர் வந்து நின்றது.

அவர் எழுந்து போய்ச் சுவரின் ஓரத்தைக் கையால் தடவினார். எழுந்ததும் குரல்கள் ஓடிப்போய்ப் பெட்டிக்குள் புகுந்துகொண்டன. கல் சில்லென்று இருந்தது. சுவரின் மறுபக்கம் எட்டிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. திரும்பி வந்து கல் அடுக்கின்மேல் உட்கார்ந்தார். குரல்கள் மறுபடியும் வந்து சுவரில் நின்றன. பாட்டு முடிந்தது.

வாசலில் கொத்தனார் கரண்டியும் தூக்குக்குண்டுமாக நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. முற்றத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். அந்தப் பெட்டிக்கு அடியில் கல், இந்தப் பெட்டிக்கு அடியில் கல், வீட்டுக்காரருக்கு அடியில் கல்.

"என்னண்ணே, நூத்தம்பது கல்லு இருக்குன்னீக. நான் எதை வச்சுக் கட்டுறது?"

கண்ணுச்சாமி அவரைப் பார்க்கவில்லை. அடுக்கின்மேல் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். கருப்பு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். உட்கார்ந்ததும், பழைய பழக்கம், மடியிலிருந்து வெற்றிலையை எடுத்தான்.

"பாய் சொன்னது நெசந்தானாண்ணே?"

கண்ணுச்சாமி வெற்றிலையை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, தொடையில் துடைத்தார்.

"ஒரு தடவையில எப்படிச் சொல்றது? எனக்கு இன்னும் நம்பிக்கை வரல," என்றார். "இன்னொரு தரம் போடு. யோவ் கொத்தனாரே, வெளிச்சத்தை மறைக்காம அப்படி ஓரமா உக்காரு."